இடைநிலை உலோகங்களின் ஆக்சிஜனேற்ற நிலை: கூட்டல் சரி, விடை தப்பு

சேர்மத்தில் ஒரு அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக (+) அல்லது பெற்றதாக (−) கொள்கிறோம் என்ற எண்தான் ஆக்சிஜனேற்ற நிலை. ஆக்சிஜனுக்கு −2, ஹைட்ரஜனுக்கு +1, சேர்மத்தில் எல்லாம் சேர்த்தால் பூச்சியம். இதை மட்டும் நம்பி குரோமியம், இரும்பு, மாங்கனீசு போன்ற இடைநிலை உலோகங்களிடம் போனால் மாட்டிக்கொள்வோம். கூட்டல் கழித்தலில் பிழை வருவது அபூர்வம்தான். அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பார்க்காமலே கணக்குப் போடும்போதுதான் விடை தப்புகிறது.

குரோமியம் பெராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு குரோமியம், ஐந்து ஆக்சிஜன். அமிலம் சேர்த்த டைகுரோமேட் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, ஈதர் ஊற்றிக் குலுக்கினால் மேலடுக்கு அடர்நீலமாகுமே, அந்தச் சேர்மம்தான். ஐந்து ஆக்சிஜனுக்கும் −2 போட்டால் குரோமியத்துக்கு +10 வரும். ஆனால் அதன் வெளிப்புற எலக்ட்ரான் துணைக்கூடுகளான 3டி, 4எஸ் இரண்டிலும் சேர்த்தே 6 எலக்ட்ரான்கள்தான் உள்ளன. இல்லாத நான்கை எங்கிருந்து கொடுக்கும்? உண்மையில் நான்கு ஆக்சிஜன்கள் இரண்டு பெராக்சைடு ஜோடிகளாக (ஆக்சிஜனோடு ஆக்சிஜன் பிணைந்து) நிற்கின்றன. அவற்றுக்குத் தலா −1. மிஞ்சிய ஒன்றுக்கு மட்டும் −2. மொத்தம் −6, ஆகவே குரோமியம் +6. விடை தொகுதி எண்ணை (தனிம அட்டவணையில் அந்த உலோகத்தின் நெடுவரிசை எண்ணை) தாண்டினால் முதலில் பெராக்சைடு பிணைப்பைத் தேடுங்கள்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. இரும்பு பைரைட்டில் ஒரு இரும்புக்கு இரண்டு கந்தகம். தலா −2 என்று கொண்டால் இரும்பு +4. பார்க்க நியாயமாகவே இருக்கும், ஆனால் தவறு. கந்தகங்கள் இரண்டும் தமக்குள் பிணைந்து ஜோடியாக −2 சுமக்கின்றன; இரும்பு +2 தான். மேக்னடைட்டில் (மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன்) வரும் 8/3 வெறும் சராசரி: மூன்று இரும்பில் ஒன்று +2, இரண்டு +3.

அணைவுச் சேர்மங்களில் (நடு உலோகத்தைச் சுற்றி ஈனிகள் எனும் மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பதை விட்டுவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். ஒரு கோபால்ட், ஐந்து அம்மோனியா, உள்ளே ஒரு குளோரைடு, வெளியே இரண்டு குளோரைடு என்றால் வெளியே உள்ளதை மட்டும் எண்ணி +2 என்று எழுதிவிடுகிறார்கள். ஈனியாக உள்ளே இருக்கும் குளோரைடுக்கும் −1 உண்டு, கோபால்ட் +3. அம்மோனியா, நீர், கார்பன் மோனாக்சைடு ஆகியவை நடுநிலை ஈனிகள். அதனால் நிக்கல் டெட்ராகார்பனைலில் நிக்கலுக்குப் பூச்சியம். பூச்சியமும் முறையான விடைதான், அடித்துத் திருத்த வேண்டாம்.

எலக்ட்ரான் அமைப்பு எழுதும்போது நடப்பது வேறு வகைத் தவறு. நிரம்பும்போது 4எஸ் முதலில். இழக்கும்போதும் 4எஸ் தான் முதலில். இரும்பு +2 என்றால் 3டி-யில் 6 எலக்ட்ரான், 4எஸ் காலி. தவறாக 3டி-யில் 4, 4எஸ்-இல் 2 என்று எழுதினாலும் இணையாகாத எலக்ட்ரான்கள் நான்கே வரும். இணையாகாத எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து வரும் காந்தத் திருப்புத்திறன் கணக்கும் 4.9 போர் மேக்னட்டான் (அதன் அலகு) என்றே பொருந்திவிடும். பிழை வெளியே தெரியாது. +3-க்குப் போனால்தான் குட்டு உடையும்: சரியான அமைப்பில் ஐந்து, 5.92, தவறானதில் மூன்று, 3.87.

நிறம் மாறினாலே ஆக்சிஜனேற்ற நிலை மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மஞ்சள் குரோமேட்டில் அமிலம் விட்டால் ஆரஞ்சு டைகுரோமேட் ஆகும். இரண்டிலும் குரோமியம் +6.

பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 என்பது எல்லாருக்கும் தெரியும். அது எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். போதுமான அமிலம் இருந்தால் +2 வரை இறங்கி 5 எலக்ட்ரான் பெறும்; பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான எடை (மூலக்கூறு எடையை எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது) 158/5 = 31.6. நடுநிலை ஊடகத்தில் +4 நிலையிலுள்ள டையாக்சைடாக நின்றுவிடும். 3 எலக்ட்ரான், சமான எடை 52.7. வலுவான கார ஊடகத்தில் பச்சை மாங்கனேட், +6. ஆகவே இரும்பு உப்புக் கரைசலைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது (எவ்வளவு செலவாகிறது என்று அளந்து செறிவு காணும்போது) 20 மி.லி. கரைசலுக்கு ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேருங்கள். குடுவையில் பழுப்புக் கலங்கல் தென்பட்டால் அமிலம் போதவில்லை. ஒவ்வொரு பெர்மாங்கனேட்டும் ஐந்துக்குப் பதில் மூன்று எலக்ட்ரானே வாங்குவதால் பியூரெட் (பெர்மாங்கனேட்டை அளந்து விடும் குழாய்) காட்டும் அளவு கூடுதலாக வரும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டாலும் அளவு கூடும்: பெர்மாங்கனேட்டில் ஒரு பங்கு குளோரைடைக் குளோரினாக்குவதில் செலவாகிவிடும்.