மாதாமாதம் திரும்பி வரும் ஈஸ்ட் தொற்று: மருந்தின் காலக்கணக்கும் சாப்பாடும்

"புளூகோனசோல் 150 ஒன்று கொடுங்கள் அக்கா" என்று மாதம் தவறாமல் கேட்டு வாங்கிப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கும்பகோணத்தில் என் மருந்துக்கடைக்கு அவர்கள் பெரும்பாலும் மதிய நேரத்தில்தான் வருவார்கள். ஆண்கள் யாராவது நின்றால் அவர்கள் போகும்வரை தலைவலி மாத்திரை பார்ப்பதுபோல ஒதுங்கி நிற்பார்கள். பிறகு மடித்த காகிதத்தை நீட்டுவார்கள். அது யோனியில் வளரும் ஈஸ்ட் என்ற பூஞ்சையை அடக்கும் மாத்திரை. போட்டால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. அடுத்த மாதவிலக்கு நெருங்கும்போது மறுபடியும் கிளம்பிவிடுகிறது. "எனக்கு உடம்புச் சூடு அதிகம்", "நான் சுத்தமாக இல்லையோ" என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டுமே காரணம் இல்லை. எப்போதாவது ஒருமுறை தொற்று வருபவருக்கான அளவு அந்த ஒற்றை மாத்திரை. ஓர் ஆண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வருபவருக்கு வைத்தியத்தின் கணக்கே வேறு. அது தெரியாமல்தான் பலர் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

முதலில் அது ஈஸ்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைபடுகிறது என்று வரும் எல்லோருக்கும் ஈஸ்ட் இருப்பதில்லை. ஈஸ்ட் என்றால் அரிப்புதான் முன்னால் நிற்கும். தயிர் திரிந்தாற்போலக் கெட்டியாக வெள்ளைபடும்; பெரும்பாலும் வாடை இருக்காது; தோல் சிவந்து, சிறுநீர் பட்டால் எரியும். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படுவது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வருவது டிரைக்கோமோனாஸ் என்ற வேறு தொற்றாக இருக்கலாம். இவற்றுக்கு ஈஸ்ட் மருந்து வேலை செய்யாது. சீட்டில்லாமல் ஈஸ்ட் மருந்து வாங்கிய பெண்களை அமெரிக்காவில் பரிசோதித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் ஈஸ்ட் மட்டும் இருந்தது.

நம் ஊரில் இன்னொரு சங்கடம், மூன்று மருந்தைச் சேர்த்து ஒரே அட்டையில் அடைத்த 'கிட்'. ஈஸ்டுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, பாலுறவால் பரவும் வேறு சில தொற்றுகளுக்கு ஓர் ஆன்டிபயாட்டிக். மருத்துவர் தேவை பார்த்து எழுதினால் சரி. ஈஸ்ட் மட்டுமே உள்ளவர் அதைத் திரும்பத் திரும்ப வாங்கி விழுங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கும். யோனியைக் காத்து நிற்பவை லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள். ஆன்டிபயாட்டிக் அவற்றையும் அழிக்கக்கூடும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதும் பலருக்கு ஈஸ்ட் கிளம்புவது அதனால்தான்.

ஆகவே, அரிப்பு இருக்கும்போதே, எந்த மருந்தும் தொடங்கும் முன்பே, மாதவிலக்கு இல்லாத நாளில் மகளிர் மருத்துவரிடம் போங்கள். பாதி மருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். திரும்பத் திரும்ப வருகிறது என்பதைச் சொல்லி, "கல்ச்சர் எடுத்து எந்த வகை என்று பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். கல்ச்சர் என்பது வெள்ளையின் மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்று வரும். அது புளூகோனசோலுக்குக் கட்டுப்படும். சிலருக்குக் கேண்டிடா கிளப்ராட்டா என்று வரும். வழக்கமான அளவுக்கு இது எளிதில் மசியாது. அதற்கு 600 மில்லிகிராம் போரிக் ஆசிட் கேப்ஸ்யூலை மூன்று வாரம் இரவில் உள்ளே வைக்கச் சொல்லி மருத்துவர் எழுதலாம். வாய்வழி விழுங்கினால் அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இனி காலக்கணக்கு. அல்பிகன்ஸ் திரும்பத் திரும்ப வருபவருக்கு வைத்தியம் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் தொற்றை முழுதாக அடக்க வேண்டும்: புளூகோனசோல் 1ஆம் நாள், 4ஆம் நாள், 7ஆம் நாள் என மூன்று மாத்திரை. அல்லது குளோட்ரிமசோல் போன்ற மருந்தை 7 முதல் 14 இரவுகள் உள்ளே வைக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் இரண்டாம் மாதமே, "இப்போதுதான் ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். அரிப்பு இல்லாத அந்த மாதங்களில்தான் மருந்து தன் வேலையைச் செய்கிறது.

ஜாக் சோபெல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரம். ஆறு மாதம் வாராவாரம் மாத்திரை எடுத்த பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த ஆறு மாத முடிவில் தொற்றில்லாமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 36 பேர்தான். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்து, அதாவது தொடங்கியதிலிருந்து பன்னிரண்டாம் மாதம் பார்த்தபோது முதல் குழுவில் 43 பேருக்கும் மற்றதில் 22 பேருக்கும் தொற்று திரும்பவில்லை. அதாவது இந்த மருந்து நன்றாகக் கட்டுப்படுத்தும்; எல்லோருக்கும் நிரந்தரமாகத் தீர்த்துவைக்காது. இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால் பிறகு மனம் உடையாது.

வாரம் ஒருமுறை என்பதை மறப்பது சுலபம். எங்கள் கடைக்கு வரும் ஒரு பெண் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு சின்னப் பேனாப் புள்ளி வைப்பார். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரியும், அது போதும். மாதவிலக்கு நாளானாலும் வாய்வழி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

உள்ளே வைக்கும் மாத்திரைக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டும். மாதவிலக்கின்போது வைத்தால் உதிரத்தோடு மருந்தும் வெளியேறிவிடும். முந்திய வாரத்தில்தான் பலருக்கு அரிப்பு கூடும். எனவே தேதியை எண்ணிப் பார்த்து, விலக்கு வரும் முன் எல்லா இரவும் முடியும்படி தொடங்குங்கள். படுக்கப்போகும்போது கையைக் கழுவி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, சிரமமில்லாத அளவுக்கு ஆழமாக வையுங்கள். வைத்தபின் எழுந்து நடமாட வேண்டாம். காலையில் வெள்ளையாக மாவுபோல வெளியே வந்தால் பதற வேண்டாம். அது கரைந்த மருந்தின் மிச்சம். எத்தனையோ பேர் அதைப் பார்த்துவிட்டு நோய் கூடிவிட்டது என்று பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மெல்லிய பேடு வைத்துக்கொண்டால் துணி கறைபடாது. எண்ணெய்ப்பசை உள்ள மருந்துகள் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், புளூகோனசோல் வேண்டாம். அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்து ஏழு இரவு. அதுவும் மருத்துவர் சொன்னபடி. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், சர்க்கரைக்கான கிளிமிபிரைடு, கொழுப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றோடும் புளூகோனசோல் மோதும். கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோவதே நல்லது.

அந்தப் பையில் நான் முதலில் தேடுவது ஒன்று உண்டு. ஐம்பதைக் கடந்த ஒரு அம்மா, மாதவிலக்கு நின்று வெகுகாலம் ஆனவர், அரிப்புக்குக் களிம்பு கேட்டு வந்தார். "ரொம்ப நாளாகவா அம்மா?" என்றேன். "இல்லம்மா, இந்தத் தீபாவளிக்கு அப்புறம்தான்" என்றார். சர்க்கரை மாத்திரை ஏதாவது மாற்றினார்களா என்று கேட்டதும் பர்சிலிருந்து அட்டையை எடுத்தார்: டாபாகிளிஃப்ளோசின் 10. இந்த வகை மாத்திரைகள் இரத்தத்தில் கூடுதலாக உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்தச் சர்க்கரை தங்கும் இடத்தில் ஈஸ்ட் வளர்கிறது. எம்பாகிளிஃப்ளோசினும் இதே இனம்தான். 2020இல் டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இங்கே ஏராளமானோர் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து அது, நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அரிப்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபின்னும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட் சாதாரணமாக வருவதில்லை என்பதால், வந்தால் சர்க்கரையைப் பரிசோதிப்பது அவசியம். வெள்ளையோடு இரத்தம் கலந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இட்லி, தோசை மாவு புளிக்கிறதே, அதிலிருந்துதான் ஈஸ்ட் வருகிறதோ என்று பயந்து ஆசைப்பட்ட தோசையை ஒதுக்கிய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பயமே வேண்டாம். மாவைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அந்த மாவு யோனித் தொற்றை உண்டாக்காது. ரொட்டியில் போடும் ஈஸ்டும் வேறு வகை.

நீரிழிவு உள்ளவருக்குச் சாப்பாடு உண்மையாகவே மருந்தில் பாதி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எகிறி நிற்கும்போது எந்த மாத்திரையும் தொற்றை நீண்டநாள் அடக்கி வைக்காது. தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரை, அவரை, பருப்பு, முட்டை அல்லது மீனைக் கூட்டுங்கள். நாளுக்கு நான்கு முறை சர்க்கரை போட்ட காபி குடிப்பவர் முதலில் அதில் கைவைக்கலாம். சத்துமாவுக் கஞ்சியில் நாட்டுச்சர்க்கரை போட்டால் பரவாயில்லை என்பது தவறான ஆறுதல். கேழ்வரகுக் களி உருண்டை உருண்டையாகப் போனாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

நீரிழிவு இல்லாதவர் இனிப்பை அடியோடு விட்டால் தொற்று வராது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பால், பழம், சோறு எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லும் 'ஈஸ்ட் பத்தியம்' உங்களை இளைக்கவைத்து அலுக்கவைக்கும், அவ்வளவுதான். ஆனால் நீரிழிவு இல்லை என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள்; திரும்பத் திரும்பத் தொற்று வருபவர் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தயிர், மோர் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. மருந்துக்குப் பதிலாக வேண்டாம். வெந்தயத் தண்ணீரும் அப்படியே. தயிர், பூண்டு, வேப்பிலை, மஞ்சள், வினிகர் எதையும் உள்ளே வைக்காதீர்கள். புண்ணான தோலில் பூண்டு பட்டால் தீப்பட்டதுபோல வெந்துவிடும்.

கடையில் கேட்டு வாங்கும் 'எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு' வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு சட்டென அடங்கும், பூஞ்சை அடியில் பரவும். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் உள்ளே போகக்கூடாது. பருத்தி உள்ளாடை, ஈரமானதும் மாற்றுவது, இரவில் தளர்வான உடை. உள்ளாடையைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் துண்டுக்கு அடியில் ஒளித்து உலர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாதி ஈரத்தோடு அதை எடுத்து உடுத்துவதைவிட, வெயிலில் எல்லாத் துணியோடும் சேர்த்துக் காயவைப்பது உங்கள் உரிமை.

கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு வைத்தியம் பொதுவாகத் தேவையில்லை. அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், கொப்புளம் இருந்தால் ஈஸ்ட் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

ஆறு மாதம் முடித்து நிறுத்தியபின் அரிப்பு மறுபடி தலைகாட்டினால், கையிருப்பில் உள்ள பழைய மாத்திரையை விழுங்காமல் முதலில் கல்ச்சருக்குக் கொடுங்கள். முதல் முறை அல்பிகன்ஸ் இருந்தவருக்கு இப்போது வேறு வகை இருக்கலாம். அதே வகை என்று வந்தால் மருத்துவர் அதே இரண்டு கட்டத்தையும் மறுபடி தொடங்குவார், சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் நீட்டுவார். பழைய ரிப்போர்ட்டையும், மாத்திரை எடுத்த தேதிகளைக் குறித்த நாள்காட்டித் தாள்களையும் கொண்டுபோங்கள்.