பிரிட்டன் தீம் பார்க்குக்குப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு ரோலர் கோஸ்டர் என்றால் கெந்திங் மலை தீம் பார்க்தான். இப்போது பிள்ளைகள் பிரிட்டனில் படிக்கிறார்கள், பார்க்கப் போகும் அம்மா அப்பாவையும் தீம் பார்க்குக்கு இழுக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

முதலில் மாதம். நம் ஆண்டிறுதி விடுமுறை வேண்டாம், அங்கே குளிர்காலம், பெரிய ரைடுகள் பெரும்பாலும் ஓடாது. ஜூனில் அங்கே பள்ளி நடக்கும் நாளாகப் பாருங்கள்.

அப்புறம் பார்க். ஒன்றுதான் முடியும் என்றால் ஆல்டன் டவர்ஸ். மரங்களின் உயரத்தைத் தாண்டிக் கட்ட அங்கே அனுமதி இல்லை, அதனால் 1994-இல் திறந்த நெமிசிஸ் என்ற ரோலர் கோஸ்டருக்காகப் பாறையைக் குடைந்து பள்ளமே தோண்டினார்கள். இருக்கைகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால்களுக்குப் பக்கத்திலேயே பாறைச் சுவர் விர்ரென்று போகும். அந்த ரைடை இடிக்காமல், தண்டவாளத்தை மாற்றி 2024-இல் திரும்பத் திறந்தது அருமையான வேலை. 1.4 மீட்டர் உயரம் இல்லாத பிள்ளையை அதில் ஏற்ற மாட்டார்கள், வீட்டிலேயே அளந்துவிடுங்கள்.

தீம் பார்க் ரசிகர்களின் புலம்பலையும் படியுங்கள், ஆனால் பிரித்துப் படியுங்கள். "முன்பு போல் இல்லை" என்பதை விடுங்கள். எந்த ரைடு அடிக்கடி நிற்கிறது, எங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று சொல்பவரை நம்புங்கள். வேல்ஸில் ஓக்வுட் பார்க் 2025-இல் மூடியே விட்டது, ரசிகர்களின் கவலை நியாயம்தான். பெட்ஃபோர்டில் யுனிவர்சல் தீம் பார்க் 2031-இல் திறக்கத் திட்டம். பிள்ளை இன்னும் ஆரம்பப் பள்ளி என்றால் அதற்கே காசு சேர்க்கலாம்.