‘ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்ற அச்சத்தைத் தணிக்கை செய்வது எப்படி?

கோலாலம்பூரில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிசம்பர் 31-இல் கணக்கை முடிக்கும் நிறுவனங்களின் கோப்புகள் ஜனவரியில் வந்து குவியத் தொடங்கினால், ஏப்ரல் கடைசி வரை எங்களுக்கு இரவு பகல் தெரியாது. அப்படி ஒரு மார்ச் மாத இரவில், வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வேலையில் சேர்ந்து இரண்டாண்டுகூட ஆகாத தங்கை ஒருவர் என் பக்கம் குனிந்து, “அக்கா, என்னை எப்படி இந்த வேலைக்கு எடுத்தாங்கன்னே தெரியல. எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு என்னைக்காவது ஒருநாள் கண்டுபிடிச்சிடுவாங்க,” என்றார். அதே வாரத்தில்தான் அவர், ஒரு தொழிற்சாலையின் கையிருப்புக் கணக்கில் யார் கண்ணிலும் படாமலிருந்த பிழையைக் கண்டெடுத்திருந்தார். அதை நினைவூட்டினேன். “அது லக்குக்கா,” என்று முடித்துவிட்டார்.

தன்னைப் போலி என்று நினைக்கவைக்கும் இந்த உணர்வைத்தான் இன்று இம்போஸ்டர் சின்ட்ரோம் என்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்து நின்ற 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கண்டதைக்கொண்டு 1978-இல் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். அவர்கள் இதை நோய் என்று சொல்லவில்லை. மனத்தில் நிகழும் ஒரு போக்கு என்ற பொருளிலேயே பெயரிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் ஆண்களிடமும் இது இருப்பதைக் காட்டின. 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் மறுஆய்வு ஒன்றில், இவ்வுணர்வு உள்ளவர்களின் விழுக்காடு ஆய்வுக்கு ஆய்வு 9 முதல் 82 வரை வேறுபட்டிருந்தது. அளக்கும் கருவியும் வரம்பும் மாறினால் எண்ணும் மாறுகிறது என்பதால், இத்தனை பேருக்கு இது உண்டு என்று யாரேனும் அறுதியிட்டுச் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

வெற்றி கிடைத்தால் இந்த அச்சம் தானாகவே போய்விடும் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். போகாது, அதற்குரிய காரணத்தையும் கிளான்ஸ் விளக்கியிருக்கிறார். ஒரு பொறுப்பு கைக்கு வந்ததும் பதற்றம் பிறக்கிறது. அந்தப் பதற்றத்தில் ஒருவர் தேவைக்குப் பல மடங்கு உழைப்பார், அல்லது தள்ளிப்போட்டுக் கடைசி நேரத்தில் அடித்துப்பிடித்து முடிப்பார். வேலை நன்றாக முடிந்தால், முதலாமவர் “மாடாய் உழைத்ததால் தப்பித்தேன், திறமையால் இல்லை” என்பார். இரண்டாமவர் “ஏதோ அதிர்ஷ்டம்” என்பார். எந்த வழியில் போனாலும் திறமை என்ற தலைப்பின் கீழ் ஒரு காசுகூட வரவு வைக்கப்படுவதில்லை. அடுத்த பொறுப்பு வரும்போது அவர் மறுபடியும் வெறுங்கையோடுதான் நிற்கிறார். எனவே பாராட்டை அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை. வரவை எழுதும் முறையைத்தான் திருத்த வேண்டும்.

எங்கள் தொழிலில், ஆதாரச் சீட்டு இல்லாத பதிவை ஏற்கமாட்டோம். “நான் தகுதியில்லாதவள்” என்பதும் ஒரு பதிவுதான், அதற்கும் சீட்டு கேட்கலாம் என்று அன்றிரவு அந்தத் தங்கையிடம் சொல்லி, ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் பத்தி, நான் செய்தது. இரண்டாவது, பிறர் செய்தது. மூன்றாவது, தற்செயலாக அமைந்தது. அவர் லக்கு என்று சொன்ன அந்த வேலையையே முதலில் எழுதச் சொன்னேன்.

முதலில் மூன்றாம் பத்தியைத்தான் நிரப்பினார்: கிடங்குப் பொறுப்பாளர் டெலிவரி ஆர்டர்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தது தற்செயல். இரண்டாம் பத்தி: ஆண்டு முடிவுக்கு முன்னும் பின்னும் சென்ற சரக்கைப் பார்க்கச் சொன்னவர் மூத்த அதிகாரி. முதல் பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. “சரி, டிசம்பர் மாதச் சீட்டுகளை எடுத்ததும் என்ன செய்தாய்?” என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுத வைக்க வேண்டியிருந்தது. அவர் எழுதியது: டிசம்பர் 29-ஆம் தேதியிட்ட சீட்டில் லாரி ஓட்டுநரின் கையெழுத்து இருந்ததைக் கவனித்தேன். சரக்கு வெளியேறிவிட்டது என்றால் அது கையிருப்புப் பட்டியலில் இருக்கக்கூடாது என்று தோன்றியது. பட்டியலோடு ஒப்பிட்டேன், அது அங்கே இருந்தது. நிறுவனத்துக் கணக்காளர் “கணினியில் ஏற்றத் தாமதம், அவ்வளவுதான்” என்று சொன்னபோது விடாமல் வாயிற்காவலரின் பதிவேட்டைக் கேட்டேன். இப்படி நான்கு வரிகள் வந்தன. நான்கும் அவர் மட்டுமே செய்தவை. எழுதி முடித்ததும் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம். மூன்று பத்திகளையும் நேர்மையாக நிரப்ப வேண்டும் என்பதே இதில் முக்கியம். பிறர் உதவியையும் அதிர்ஷ்டத்தையும் மறைத்துவிட்டு உங்களை மட்டும் புகழ்ந்து எழுதினால் அதை உங்கள் மனமே நம்பாது. ‘சிறப்பாகச் செய்தேன்’ என்பது போன்ற மதிப்பீட்டுச் சொற்கள் வேண்டாம். கேட்டேன், ஒப்பிட்டேன், எழுதினேன், மறுத்தேன் என்று வினைச்சொற்களாகவே எழுதுங்கள்.

நம்மவர்களுக்கு முதல் பத்தியை எழுதுவதில் ஏற்படும் தயக்கத்துக்கு வளர்ப்பும் ஒரு காரணம். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தோம்; நல்ல செய்தி வந்தால் கண் பட்டுவிடும், வெளியே சொல்லாதே என்று அம்மா வாயை அடைத்தார். எனக்கு அந்த வளர்ப்பின்மீது மதிப்பு உண்டு, அதைக் கைவிடும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்குச் சொல்லாமலிருப்பது வேறு, தனக்குத் தானே மறுப்பது வேறு. நோட்டுப் புத்தகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் பாராட்டும்போது, “ஐயோ, நான் ஒன்றும் செய்யவில்லை” என்று சொல்லாமல், “நன்றி, அந்தப் பதிவேட்டைத் தேடியெடுக்கத்தான் நேரமாயிற்று” என்று செய்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதில் தளும்பல் ஏதுமில்லை.

மொழி இன்னொரு முள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, சிலருக்குப் புகுமுக வகுப்பில் மேலும் ஓராண்டு, பிறகு மலாய் வழியில் இடைநிலைப்பள்ளி, கடைசியில் ஆங்கிலத்தில் பேசும் அலுவலகம் என்று வந்தவர்கள், கூட்டத்தில் ஒரு சொல் தடுமாறினால் தங்கள் அறிவே அம்பலமாகிவிட்டது போலக் கூசுகிறார்கள். நானும் கூசியிருக்கிறேன். சொல் தடுமாறுவதும் பொருள் தெரியாமலிருப்பதும் ஒன்றல்ல என்று அறிவுக்குத் தெரிந்தாலும் உடம்பு கேட்பதில்லை. எனக்குக் கைகொடுத்த வழி எளியது: கூட்டத்துக்குமுன் ஒரே ஒரு கேள்வியை முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுவேன். வாய் திறந்தபின் மீதி தானாக வரும். நேரம் போகப் போகத்தான் பேசுவது மலையாகிறது.

உண்மையிலேயே ஒன்று தெரியாமலிருந்தால் என்ன செய்வது? அப்போது ‘நான் போலி’ என்ற பெரிய வாக்கியத்தைச் சிறிய வாக்கியமாக உடையுங்கள். குத்தகைகளுக்கான எம்.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற கணக்கியல் தரம் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வாடகைச் செலவாக மட்டும் எழுதப்பட்ட பல குத்தகைகளை, அதன்பின் குத்தகைக்கு எடுத்தவரின் ஐந்தொகையில் சொத்தாகவும் கடனாகவும் காட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அது பிடிபடவில்லை. இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் தெரியாதென்று எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, இனி கட்டவேண்டிய வாடகைகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்க எந்த வட்டி விகிதத்தில் கழிவு செய்கிறீர்கள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, “நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்,” என்றார். அந்த மூன்று வாரமும் அந்தத் தளத்தில் பலர் தத்தம் மேசையில் தனித்தனியாக அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறோம். ‘நான் போலி’ என்பதற்கு மருந்து கிடையாது, ‘இந்தக் கழிவு விகிதம் தெரியவில்லை’ என்பதற்கு அரை மணி நேரம் போதும்.

மிகையாகத் தயாராகும் பழக்கத்துக்கு எல்லை வகுப்பது கடினம், எனினும் வகுத்தாக வேண்டும். மின்னஞ்சலை இரண்டு முறை படித்ததும் அனுப்பிவிடுங்கள். அறிக்கையின் முதல் வரைவைப் பாதியிலேயே மேலாளரிடம் காட்டுங்கள். தவறு இருந்தால் சீக்கிரம் தெரியும். இல்லையென்றால், எட்டு முறை சரிபார்க்காமலே வேலை சரியாக வந்ததற்கு ஓர் ஆதாரச் சீட்டு கையில் சேரும்.

ஆனால் எல்லாவற்றையும் நம் மனத்தின் மேலேயே போட்டுவிடக்கூடாது. எது நல்ல வேலை என்று யாருமே சொல்லாத இடத்திலும், அறையில் நம் இனத்தவர் நாம் ஒருவர்தான் என்ற நிலையிலும், நம் கருத்தை இன்னொருவர் சொல்லும்போது மட்டுமே தலையாட்டும் கூட்டத்திலும் ஐயம் எழாவிட்டால்தான் வியப்பு. அங்கே குறை இடத்தில் இருக்கிறது. மேலாளரிடம், பதவி உயர்வுக்கு எவை அளவுகோல், அவற்றில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டு, வந்த பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தெளிவான பதில் மறுபடி மறுபடி மறுக்கப்பட்டால், வேறு வேலை தேடுவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

உறக்கம் கெட்டு, உணவு இறங்காமல், வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பது வாரக்கணக்கில் நீடித்தால், நோட்டுப் புத்தகத்தை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவிச் சேவைக்கு 15555 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்.

அந்தத் தங்கை இப்போது சொந்தமாக ஒரு குழுவை நடத்துகிறார். அச்சம் முழுதும் போய்விட்டதா என்று சென்ற மாதம் கேட்டபோது, புதிய வேலை வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது என்றார். ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் இப்போது அரை மணியில் முடித்துவிடுகிறாராம். பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் பத்தியிலிருந்து பார்த்து எழுதுகிறார்.