பலித்ததா என்று முதலில் கேட்காதீர்கள்: இடைக்கால ஐரோப்பாவின் உலக முடிவுக் கதைகளை வாசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் மறைந்த அன்று, மாலைக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் ஒரே செய்தியை அனுப்பிவிட்டார்கள். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு புனிதர் எழுதிவைத்த பட்டியலாம்; இவர்தான் கடைசி போப்பாம்; அப்புறம் ரோமாபுரி அழிந்துவிடுமாம். கூடவே தேவாலயம் இடிந்து விழுகிற படம். மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டதும் அந்தப் பேச்சு சத்தமில்லாமல் நின்றுபோனது. அனுப்பியவர்களில் ஒருவரான சித்தப்பாவிடம் கேட்டேன். "கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்பா" என்றார்.

அந்தப் பதில் ஏறக்குறைய எழுநூற்றைம்பது வருடப் பழசு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். மேலே யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான், அவர் காலத்திலேயே எழுதினார் என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் முதல் சறுக்கல். பட்டியலில் இருப்பது அயர்லாந்துப் பேராயர் புனித மலாக்கியின் பெயர். அவர் 1148இல் இறந்தார். அவருடைய நெருங்கிய நண்பர், கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்து, அவர் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அதில் இந்தப் பட்டியலைப் பற்றி மூச்சுகூட இல்லை. அது முதன்முதலாக வெளியே வந்தது 1595இல், வெனிஸில் அச்சான ஒரு நூலில். 112 குட்டி வாசகங்கள், போப்புக்கு ஒன்றாக. 1590 வரை வந்த போப்புகளுக்கு வாசகம் கச்சிதமாகப் பொருந்துகிறது: பிறந்த ஊர், குடும்பச் சின்னம், முன்பு வகித்த பதவி என்று ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் இழுத்துக் கட்டலாம் என்கிற அளவுக்குத் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. 1590 போப் தேர்தலில் ஒரு கர்தினாலுக்கு ஆதரவு தேட யாரோ எழுதியது என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம்.

இதிலேயே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. ஒரு தீர்க்கதரிசனம் எந்த ஆண்டு வரை துல்லியமாகப் பேசுகிறது, எங்கே தடுமாறத் தொடங்குகிறது என்று பாருங்கள். தடுமாறும் இடத்தில்தான் எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார். போலி மெத்தோடியஸ் என்று அழைக்கப்படும் நூலின் காலத்தையும் இப்படித்தான் பிடித்தார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த ஒரு ஆயர் எழுதியதாக அது சொல்லிக்கொள்கிறது. ஆனால் சிரியாக் மொழியில் அது பிறந்தது ஏழாம் நூற்றாண்டின் கடைசியில், அரபு ஆட்சியின் கீழ் இருந்த மெசப்பொத்தாமியாவில். அரபுப் படையெடுப்பு வரை நேரில் பார்த்தவர் மாதிரி பேசுகிறது. அப்புறம்தான் கற்பனை இறக்கை கட்டுகிறது: ரோமானியர்களின் கடைசிப் பேரரசர் எழுவார், எதிரிகளை வெல்வார், எருசலேமில் தன் மகுடத்தைக் கழற்றிச் சிலுவையின் மேல் வைப்பார், பிறகு அந்திக்கிறிஸ்து, அதாவது உலக முடிவில் வரும் கிறிஸ்துவின் எதிரி, வெளிப்படுவான்.

சரி, போலி என்று தெரிந்தாயிற்று, தூக்கிப் போட்டுவிடலாமா? அது அடுத்த தவறு, என்னைக் கேட்டால் முதலாவதைவிட மோசமானது. இந்த "கடைசிப் பேரரசர்" கதை லத்தீனுக்கு வந்து ஐரோப்பாவை நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டிவைத்தது. ஒவ்வொரு அரசவையும் அந்த நாற்காலியில் தன் ராஜாவை உட்காரவைத்துப் பார்த்தது. 950 வாக்கில் ஆட்சோ என்ற துறவி பிரெஞ்சு ராணி கெர்பெர்காவுக்கு அந்திக்கிறிஸ்துவைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம்: பிராங்க் வம்சத்து அரசர்கள் இருக்கும்வரை ரோமின் பெருமை முழுக்கச் சாகாது, ஆகவே அவன் இப்போதைக்கு வரமாட்டான். தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு அரச குடும்பத்துக்கு இதைவிட இதமான சொல் என்ன இருக்க முடியும்? பலித்ததா பொய்த்ததா என்று மட்டும் பார்த்தால் இந்த அரசியல் முழுவதும் கண்ணில் படாமல் போகும்.

தமிழில் வாசிக்கிற நமக்கு இங்கே ஒரு சொல்லும் இடைஞ்சல் செய்கிறது. தீர்க்கதரிசனம் என்றால் நெடுந்தூரம் காணுதல். சொல்லே எதிர்காலத்தைச் சுட்டிக்காட்டுகிறது. கத்தோலிக்கர்கள் இப்போது பயன்படுத்தும் இறைவாக்கு என்ற சொல் இடைக்காலப் பொருளுக்கு இன்னும் நெருக்கம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாக இருந்த பெரிய கிரகோரி, இறைவாக்கு கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் பற்றியது என்று விளக்கினார். கடந்த காலத்துக்கு அவர் காட்டிய உதாரணம், உலகம் படைக்கப்பட்டதைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் வரி. யாரும் பார்க்காததை மோசே சொன்னார், ஆகவே அதுவும் இறைவாக்குத்தான். இப்படி யோசித்தவர்களிடம் போய்த் தேதி மட்டும் கேட்டால் எப்படி?

இன்றைய பிரசங்க மேடையை அங்கே கொண்டுபோவது

"இரகசிய வருகை" என்ற போதனை நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் பிரபலம்: விசுவாசிகள் திடீரென்று எடுத்துக்கொள்ளப்படுவார்கள், உபத்திரவ காலம் மற்றவர்களுக்குத்தான் என்பது. 12ஆம் நூற்றாண்டு விவசாயியும் இதற்காகத்தான் நடுங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இது பரவியது 19ஆம் நூற்றாண்டில், ஜான் நெல்சன் டார்பி என்பவர் வழியாக. இடைக்கால ஆள் தானும் அந்த உபத்திரவத்தில் நிற்கப்போகிறோம் என்றுதான் எண்ணினார்.

இன்னொரு சின்ன விஷயம். அந்திக்கிறிஸ்து என்ற சொல் பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு இடத்திலும் இல்லை. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில்தான் வருகிறது. வெளிப்படுத்தலின் மிருகம், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வரும் பாவமனுஷன், தானியேலின் சின்ன கொம்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அவனுக்கு ஒரு வாழ்க்கை வரலாறே உருவாக்கியது பிற்கால உரையாசிரியர்களின் வேலை. ஆட்சோவின் கடிதம் அதில் முக்கியமான ஒன்று.

ஆயிரமாவது ஆண்டு

கி.பி. 1000 நெருங்கியதும் ஐரோப்பாவே வயலை உழாமல், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தேவாலயத்தில் மண்டியிட்டுக் காத்திருந்தது என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் படம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டி, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லேயின் கையில் வண்ணம் பூசிக்கொண்டது. அக்காலத்தில் பெரும்பாலோருக்கு அது எந்த ஆண்டு என்று தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். தெரிந்தவர்களிலும் சிலருக்கு ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிறந்தது, சிலருக்கு மார்ச் 25இல். அதோடு, வெளிப்படுத்தலில் வரும் ஆயிரம் ஆண்டு என்பது திருச்சபையின் காலம் முழுவதையும் குறிக்கும், எண்ணிப் பார்க்கிற ஆண்டுகள் அல்ல என்று அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். படித்த துறவிகள் அதைத்தான் பாடமாகக் கற்றார்கள்.

ஆனால் மறு கோடிக்கும் போய்விடாதீர்கள். பிளரி மடத்துத் தலைவர் ஆபோ, ஆயிரம் ஆண்டு முடிந்ததும் அந்திக்கிறிஸ்து வருவான் என்று பாரிஸ் தேவாலயம் ஒன்றில் ஒருவர் பிரசங்கித்ததைத் தன் இளமையில் கேட்டதாகவும், அதை மறுத்துப் பேசியதாகவும் எழுதியிருக்கிறார். மறுக்க ஆள் தேவைப்பட்டது என்றால் நம்பவும் ஆள் இருந்தார்கள். ராவுல் கிளாபர் என்ற துறவி, இயேசு இறந்து ஆயிரம் ஆண்டு ஆன 1033ஐ ஒட்டிய பஞ்சத்தையும் எருசலேமுக்குப் போன கூட்டத்தையும் விவரிக்கிறார். பரவலான பீதி இல்லை; ஆங்காங்கே ஒரு புகைச்சல் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எல்லாமே அழிவு என்று நினைப்பது

இங்கேதான் ஃபியோரே ஊர் யோவாக்கிம் வருகிறார். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த மடத்துத் தலைவர், 1202இல் இறந்தவர். வரலாற்றை அவர் மூன்று நிலைகளாகப் பார்த்தார்: பிதாவின் காலம், குமாரனின் காலம், தூய ஆவியின் காலம். மூன்றாவது இனிமேல்தான் மலரும். அதில் தியானமும் அமைதியும் இருக்கும், வேதத்தின் உட்பொருள் எல்லாருக்கும் விளங்கும். அதற்கு முன் ஒரு கடுமையான சோதனை உண்டு. ஆனாலும் அவர் கண் வைத்தது இந்தப் பூமியிலேயே, உலகம் முடிவதற்கு முன்னால், வரப்போகும் ஒரு நல்ல காலத்தின் மேல். இடைக்கால முடிவுச் சிந்தனை என்றாலே நெருப்பும் கந்தகமும் என்று நினைப்பவர்கள் இந்த நம்பிக்கையைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அவரைப் பைத்தியக்கார ஆசாமி என்று ஒதுக்கவும் முடியாது. போப்புகள் அவரை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். சிலுவைப் போருக்குப் போகும் வழியில் 1190-91 குளிர்காலத்தில் மெசினாவில் தங்கியிருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் அவரை வரவழைத்துக் கேட்டார். அந்திக்கிறிஸ்து ஏற்கெனவே ரோமில் பிறந்துவிட்டான், போப் ஆசனத்திலேயே அமர்வான் என்று யோவாக்கிம் சொன்னதாக அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அப்படியென்றால் இப்போதைய போப் கிளமெண்ட்தான் அவன் என்றாராம் ரிச்சர்ட். அவருக்கும் போப்புக்கும் ஆகாது. அரை நூற்றாண்டு கழித்து இது கிண்டலாகவும் இல்லை. 1239இல் போப் ஒன்பதாம் கிரகோரி, புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைக் கடலிலிருந்து ஏறிவந்த மிருகம் என்று எழுதினார். பேரரசர் தரப்பு போப்பைத்தான் அந்திக்கிறிஸ்து என்று திருப்பி அடித்தது.

யோவாக்கிமைப் பற்றி அடிக்கடி நடக்கும் குளறுபடி ஒன்று: சீடர் சொன்னதை அவர் தலையில் கட்டுவது. 1254இல் போர்கோ சான் தொன்னினோ ஊர் ஜெரார்தோ என்ற பிரான்சிஸ்கன் துறவி, யோவாக்கிமின் நூல்களே புதிய நித்திய சுவிசேஷம், பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் காலாவதியாகிவிட்டன என்ற அளவுக்குப் போனார். மறு ஆண்டே ஒரு விசாரணைக் குழு அதைக் கண்டித்தது. ஜெரார்தோ சாகும்வரை சிறையில் கிடந்தார். யோவாக்கிம் அப்படிச் சொல்லவில்லை. 1215இல் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை கண்டித்தது திரித்துவத்தைப் பற்றிய அவருடைய ஒரு கட்டுரையை மட்டுமே, அவரையோ அவர் மடத்தையோ அல்ல.

நம்பிக்கை இருந்தது என்பதால் எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடவும் கூடாது. அந்திக்கிறிஸ்து யூதர்களிடையே, தாண் கோத்திரத்தில் பிறப்பான் என்று ஆட்சோ எழுதியது அவரோடு நின்றுவிடவில்லை. 1096இல் ரைன் நதிக்கரையில் யூதர்களைக் கொன்று குவித்த கூட்டத்தின் தலைவன் எமிகோ, தனக்கு முடிசூட்டப்படும் என்று ஒரு தரிசனம் கிடைத்ததாகப் பறைசாற்றினான் என்கிறது எபிரேய வரலாற்றுக் குறிப்பு. கடைசிப் பேரரசர் கதையின் இருண்ட முகம் அது.

கணக்கு தவறினால் கதை முடிந்தது என்று எண்ணுவது

ஆபிரகாமிலிருந்து இயேசு வரை 42 தலைமுறை என்கிறது மத்தேயு. கிறிஸ்துவுக்குப் பின்னும் அதே 42 என்று வைத்தால், தலைமுறைக்கு 30 வருடம், ஆக கி.பி. 1260இல் பெரிய திருப்பம். வெளிப்படுத்தலிலும் 1,260 நாள் வருகிறது. யோவாக்கிம் தேதியை அறுதியிட்டுச் சொல்லத் தயங்கினார், பின்வந்தவர்கள் தயங்கவில்லை. அவர்கள் கணக்கில் அந்திக்கிறிஸ்து வேடம் இரண்டாம் பிரெடரிக்குக்கு. அவரோ 1250 டிசம்பரிலேயே செத்துப்போனார், பத்து வருடம் முன்னதாக.

பார்மாவைச் சேர்ந்த சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் அந்தச் சாவை நம்பவே மறுத்தார். போப் நான்காம் இன்னொசென்ட் ஃபெராராவில் பிரசங்கம் செய்தபோது அவர் வாயாலேயே கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். 1260ம் சும்மா போனது. இனி கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறெதையும் நம்பமாட்டேன் என்று எழுதிவைத்தார். மற்றவர்கள் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. தானியேல் புத்தகத்தின் கடைசியில் 1,290, 1,335 என்று இன்னும் இரண்டு எண்கள் கிடந்தன. கணக்கு அங்கே நகர்ந்தது, சித்தப்பா சொன்ன அதே முன்னப்பின்னதான். பிரெடரிக் சாகவில்லை, ஒளிந்திருக்கிறார் என்ற பேச்சும் எழுந்தது; நான்தான் அவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் 1285இல் ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் எரிக்கப்பட்டார். 1186 செப்டம்பரில் கிரகங்கள் ஒன்றுகூடிப் பெருங்காற்று அடிக்கும் என்று மிரட்டிய டொலேடோ கடிதம், அந்த மாதம் ஒன்றும் நடக்காமல் போன பிறகும், ஆண்டை மட்டும் மாற்றிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் ஊர் சுற்றியது.

தப்பித் தவறிப் பலித்ததைப் பார்த்து மயங்குவதும் உண்டு. கர்தினால் பியேர் தாயி 1414இல் கிரகக் கணக்குப் போட்டு, உலகம் அதுவரை இருந்தால் 1789இல் பெரிய மாற்றங்கள் வரும் என்று எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி! இதை மேற்கோள் காட்டுபவர்கள், அதே மாதிரிக் கணக்குகள் எத்தனை குப்பைக்குப் போயின என்பதைச் சொல்வதில்லை.

சலிம்பேனே தன் வரலாற்று நூலை எழுதியது 1280களில், முதியவராக. கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவேன் என்ற அந்த வாக்கியம் அதில் இருக்கிறது. அதே நூலில், அங்கங்கே, யோவாக்கிம் சொன்னது இந்த இடத்தில் சரியாகத்தானே இருக்கிறது என்று மேற்கோள் காட்டிக்கொண்டும் போகிறார்.