எம்ப்ராய்டரி மெஷின் வாங்குவதிலிருந்து முதல் ஆர்டர் வரை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சிறுதொழிலுக்காக எம்ப்ராய்டரி மெஷின் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலையையும் ஊசிகளின் எண்ணிக்கையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எந்தத் துணியில் தைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பள்ளிச் சீருடையின் சட்டைப்பைக்கு லோகோ போடுவதும், பட்டு ரவிக்கைக் கைக்குக் கொடி போடுவதும், பனியன் துணியில் பெயர் தைப்பதும் ஒரே மெஷினில் நடக்கலாம். ஆனால் மூன்றுக்கும் வேலைமுறை வேறு.

படி 1: தேர்வு

வீட்டு உபயோக ஒற்றை ஊசி மெஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் நூலைக் கையால் மாற்ற வேண்டும். 12 அல்லது 15 ஊசிகள் கொண்ட ஒற்றைத் தலை மெஷின் (ஒரு நேரத்தில் ஒரு உருப்படியை மட்டும் தைப்பது) நிறத்தைத் தானே மாற்றி, நூலையும் தானே வெட்டிக்கொள்ளும். அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் கை போல நீண்டிருக்கும் வகையை வாங்கினால், தைத்து முடித்த டி-ஷர்ட்டையும், அதற்கான ஃபிரேம் (துணியைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) இருந்தால் தொப்பியையும் மாட்டித் தைக்க முடியும்.

கடைக்குப் போகும்போது உங்கள் துணியையே எடுத்துச் செல்லுங்கள். என் முதல் மெஷினை, கடையில் இருந்த கெட்டித் துணியில் தைத்துக் காட்டியதைப் பார்த்தே நான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பனியன் துணியில் போட்டபோது லோகோவைச் சுற்றித் துணி சுருங்கி நின்றது. பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், பாபின் கேஸும் (அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) ரோட்டரி ஹூக்கும் (அதைச் சுற்றிச் சுழன்று மேல்நூலை அடிநூலோடு பின்னும் கொக்கி) உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

மெஷின் அதிராத சமதளத் தரை, சரியான எர்த், மின்தடையில் தையல் பாதியில் நிற்காமலிருக்க ஒரு யுபிஎஸ் ஆகிய மூன்றும் மெஷின் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

படி 2: டிசைன்

படத்தைத் தையலாக மாற்றும் வேலையைப் பஞ்சிங் என்பார்கள். தொடக்கத்தில் அதை அனுபவமுள்ளவரிடம் கொடுத்து வாங்குவதே நல்லது. பெரும்பாலும் டிஎஸ்டி (DST) என்ற, மெஷின் படிக்கும் தையல் கோப்பாகவே தருவார்கள். அதில் நிறம் மாறும் இடம் இருக்குமே தவிர, என்ன நிறம் என்பது இருக்காது. ஆகவே திரையில் தெரியும் நிறத்தை நம்பாமல், எந்த நிறத்துக்கு எந்த ஊசி என்பதை நீங்களே வரிசைப்படுத்த வேண்டும். தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் கவனம் தேவை: 'ண', 'ழ' போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் நூலால் அடைந்து போகும் என்பதால், 8 மில்லிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் நான் அவற்றை ஏற்பதில்லை.

படி 3: பேக்கிங்கும் ஃபிரேமும்

இழுபடும் பனியன் துணிக்கு, தைத்தபின் கத்தரியால் வெட்டியெடுக்கும் பேக்கிங் (துணிக்கு அடியில் வைக்கும் தாங்குதாள்) தேவை. இழுபடாத சட்டைத் துணிக்குக் கையால் கிழித்தெடுக்கும் வகையே போதும். டர்க்கி டவலில் நூல் புதையாமலிருக்க, தண்ணீரில் கரையும் தாளை மேலே வைக்க வேண்டும். துணியும் பேக்கிங்கும் சேர்ந்து ஃபிரேமில் தொய்வில்லாமல் நிற்க வேண்டும், ஆனால் பனியன் துணியை இழுத்து மாட்டக் கூடாது. இழுத்த துணி ஃபிரேமிலிருந்து விடுபட்டதும் பழைய அளவுக்குத் திரும்பி, தையலைச் சுருக்கிவிடும்.

படி 4: நூலின் இறுக்கம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பாபின் கேஸிலிருந்து வரும் நூலின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, மணிக்கட்டை லேசாக ஒருமுறை உதறுங்கள். கேஸ் சிறிது இறங்கி நிற்க வேண்டும். தானே கீழே ஓடினால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். சரிசெய்ய, கேஸில் உள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பிறகு ஒவ்வொரு ஊசியிலும் 'I' போன்ற பட்டையான எழுத்தைத் தைத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள்: நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூலும், இருபுறமும் மேல்நூலும் தெரிந்தால் இறுக்கம் சரி. மேல்நூல் மட்டுமே தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது. வெள்ளை மிகுந்து தெரிந்தால் மேல்நூல் இறுகியிருக்கிறது.

நூல் அறுந்துகொண்டே இருந்தால் உடனே திருகைத் தொடாதீர்கள். நூலை முழுதாக எடுத்து மறுபடி கோர்த்துப் பாருங்கள். தீராவிட்டால் ஊசியை மாற்றுங்கள். அதன் பிறகே இறுக்கத்துக்கு வாருங்கள்.

படி 5: ஓட்டமும் கணக்கும்

ஊசி ஃபிரேமில் இடிக்காது என்பதை ட்ரேஸ் ஓட்டி (தைக்காமல் டிசைனின் எல்லையை மட்டும் சுற்றிக் காட்டவைத்து) உறுதிசெய்து, அதே ரகக் கழிவுத் துணியில் மாதிரி தைத்த பின்பே உருப்படியில் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 1,200 தையல் என்று விளம்பரம் சொன்னாலும், பழகும் வரை 700-ஐத் தாண்ட வேண்டாம். தினமும் ரோட்டரி ஹூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பஞ்சைத் துடைத்துவிடுங்கள்.

அந்த வேகத்தில் 8,000 தையல் லோகோவுக்கு ஏறத்தாழ 11½ நிமிடம் ஆகும். நிற மாற்றம், நூல் அறுதல், ஃபிரேம் மாற்றுதல் எல்லாம் சேர்த்தால் 15 நிமிடம். அதாவது மணிக்கு 4, நூறு சட்டைக்கு 25 மணி நேரம். ஒன்று ஓடும்போதே அடுத்ததை மாட்டிவைக்க இரண்டாவது ஃபிரேம் இருந்தால்தான் இந்தக் கணக்கே நிற்கும். ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் ஒருவர் நூறு சட்டைகளோடு வந்து இரண்டு நாளில் கேட்டால், இந்தக் கணக்கைக் காட்டி நான்கு நாள் கேளுங்கள்.