தாத்தா பாட்டியின் பள்ளி நாட்களைக் கேட்டு வகுப்பில் பேசுவது எப்படி

தீண்டாமை குற்றம், ஆணும் பெண்ணும் சமம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வில் சரியாகவே எழுதுகிறார்கள். அதே வகுப்பில் துடைப்பத்தை யார் எடுக்கிறார்கள் என்பது மட்டும் வருடா வருடம் மாறாமல் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் பள்ளி நினைவுகளை நோட்டில் எழுதி வரச் சொல்லிப் பேச ஆரம்பித்தால், அந்தத் துடைப்பம் முதல்முறையாகப் பிள்ளைகள் கண்ணில் படும். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஏற்ற வேலை இது. நான்கு பாடவேளை வேண்டும்: கேள்வி தயாரிக்க ஒன்று, பகிர்ந்து பேசத் தொடர்ந்து இரண்டு, மாற்றத்தை முடிவு செய்ய ஒன்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு சனி, ஞாயிறு விட்டுவிடுங்கள்.

முழு வேலையும் கேள்வியில்தான் இருக்கிறது. "உங்க ஸ்கூல்ல பாகுபாடு இருந்துச்சா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லப்பா, எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பெரியவர்கள் மறைப்பதாக நினைக்க வேண்டாம். தினமும் நடந்த ஒன்றைப் பாகுபாடு என்ற பேரில் யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பொருளையும் இடத்தையும் கேட்க வேண்டும்:

– தண்ணீர் எதில் இருந்தது? டம்ளர் எத்தனை? யார் மொண்டு குடித்தார்கள், யாருக்கு ஊற்றினார்கள்?
– தரையா, பெஞ்சா? யார் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்ததே இல்லை?
– வகுப்பைப் பெருக்கியது யார்? வாத்தியாருக்கு டீ வாங்கப் போனது யார்? கரும்பலகைக்குக் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசியது யார்?
– மதியம் எங்கே, யாரோடு சாப்பிட்டீர்கள்?
– எதற்கெல்லாம் அடி விழுந்தது? அடியே வாங்காதவர் யார்?
– படிப்பை எப்போது நிறுத்தினீர்கள்? நிறுத்தலாம் என்று சொன்னது யார்?

கடைசிக் கேள்வியில் "ஏன்" வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் பாட்டிகள் "குடும்ப நிலைமை" என்று முடித்துக்கொள்வார்கள். யார் சொன்னது, மறுநாள் காலை என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான், "வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க, தம்பியைத் தூக்கிக்கிட்டு வீட்ல இருந்தேன்" என்பது வெளியே வரும். பள்ளிக்கே போகாதவர்களை விட்டுவிடக் கூடாது. மற்றவர்கள் பள்ளியில் இருந்த நேரத்தில் அவர்கள் ஆடு மேய்த்தார்களா, பீடி சுற்றினார்களா, தீப்பெட்டி ஒட்டினார்களா என்பதும் பள்ளியைப் பற்றிய தகவல்தான். வீட்டில் பெரியவர்கள் இல்லாத பிள்ளை, சத்துணவுக் கூடத்து ஆயாவிடம் கேட்டு வரலாம்.

ஒரு விதியைத் தளர்த்தவே கூடாது. சாதிப் பெயர், ஆள் பெயர் எதையும் நோட்டில் எழுதக் கூடாது. பெரியவர் வாய்விட்டுச் சொன்னாலும் "ஒரு பிரிவினர்" என்றே எழுத வேண்டும். உயரத் தூக்கி ஊற்றியவரின் பேரனும், கை குவித்துக் குடித்தவரின் பேத்தியும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்; பெயரோடு வாசித்தால் அன்று மாலையே ஊருக்குள் பிரச்சினை ஆகிவிடும். அதனால் திங்கட்கிழமை எல்லா நோட்டையும் வாங்கி ஆசிரியர் முதலில் தனியாகப் படிக்க வேண்டும். எது யாருடையது என்று தெரியாதபடி பத்துப் பன்னிரண்டு பதில்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, வகுப்பில் ஆசிரியரே வாசிப்பது நல்லது.

எந்தப் பிள்ளையும் காட்சிப்பொருள் ஆகிவிடாமல் இருக்க, ஊரறிந்த நினைவுகளிலிருந்து தொடங்குங்கள். பள்ளியில் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்தார். குழாயை அவர் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர், வராவிட்டால் தாகம்தான். நம் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தின் கதை இருக்கிறது. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய அந்த இடத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். இதைச் சொன்ன பிறகு சீட்டுகளை வாசித்தால், தங்கள் வீட்டுப் பெரியவருக்கு மட்டும் நடந்தது என்ற கூச்சம் பிள்ளைகளுக்குக் குறையும்.

கரும்பலகையில் ஒரு காலக்கோடு போட்டு, 1982 சத்துணவுத் திட்டம், 2009 கல்வி உரிமைச் சட்டம், 2022 காலை உணவுத் திட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சீட்டுகளை அதனதன் இடத்தில் ஒட்டுங்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போன காலமும், அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கும் காலமும் ஒரே கோட்டில் தெரியும். வழக்கம் என்பது யாரோ முடிவு செய்தது, யாரோ மாற்றியது என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வது இங்கேதான். அவசரப்படாமல் பேச விடுங்கள். "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மறுக்க வேண்டாம். அப்படி இருந்ததால் யாருக்கு வேலை மிச்சமானது, யாருக்குக் கூடியது என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

பிறகு அதே ஆறு கேள்விகளை இன்றைய வகுப்புக்குக் கேட்கலாம். பெருக்குவது பெண் பிள்ளைகள், பெஞ்ச் தூக்குவது ஆண் பிள்ளைகள், வருகைப் பதிவேட்டில் ஆண்கள் முதலில், கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் எடுத்தால் எதுவும் நடக்காது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெருக்கும் முறை சுலபமானது. 40 பேருக்கு வாரம் ஐந்து நாள் என்றால் நாளுக்கு 8 பேர். ஆனால் பதிவேட்டு எண்படி போட்டால், ஆண்கள் முதல் 20 எண்ணில் இருக்கும் வகுப்பில் திங்கள், செவ்வாய் முழுக்க ஆண்கள், வியாழன், வெள்ளி முழுக்கப் பெண்கள் என்றாகி, கேலி தொடங்கும். எல்லாப் பெயரையும் சேர்த்து அகர வரிசையாக்கிவிட்டுப் பிரியுங்கள். கழிப்பறையைச் சுத்தம் செய்வது பிள்ளைகளின் வேலையே அல்ல; அது இந்தப் பட்டியலில் வரக் கூடாது.

மாற்றம் எதுவானாலும் வகுப்பின் முடிவாகவே போக வேண்டும், ஒரு பிள்ளையின் புகாராகப் போகக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதித் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் சொன்ன மாணவனை, சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிற்றுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை ஆகிய பரிந்துரைகள் உண்டு. தலைமையாசிரியரிடம் பேசும்போது இதை முன்வையுங்கள்.

நோட்டில் பழைய கதைக்குப் பதில் இப்போது நடக்கும் கொடுமையை ஒரு பிள்ளை எழுதியிருக்கவும் கூடும். அந்தச் சீட்டை வகுப்பில் வாசிக்க வேண்டாம். அன்றே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டிலும் சொல்லலாம்.

"எதுக்கு சார் பழசைக் கிளறுறீங்க?" என்று பெற்றோர் வந்து கேட்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை வரச் சொல்லி, பெயரில்லாத அந்தச் சீட்டுகளை அப்படியே காட்டுங்கள்.