கும்பிடுபூச்சிக்கு இரை போடும்போது

கும்பிடுபூச்சி அசையும் இரையைத்தான் பிடிக்கும். செத்த ஈயைப் பெட்டிக்குள் போட்டால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. வேறு வழியில்லை என்றால் இடுக்கியில் பிடித்து அதன் முன்னால் மெல்ல ஆட்டிக் காட்டலாம்.

முட்டைக்கூட்டிலிருந்து வந்த குஞ்சுகளுக்கு அழுகிய பழத்தில் மொய்க்கும் பொடி ஈக்களே போதும். வளர வளர வீட்டு ஈ, அந்துப்பூச்சி, சிறு வெட்டுக்கிளி என மாற்றுங்கள். இரை, பூச்சியின் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. குஞ்சுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததற்கு 2–3 நாளுக்கு ஒருமுறை. நாள்கணக்கைவிட வயிற்றைப் பார்ப்பதே சரி: தட்டையாக இருந்தால் பசி, உப்பியிருந்தால் விட்டுவிடுங்கள்.

சாப்பிடாமல் தலைகீழாகத் தொங்கினால் பெரும்பாலும் தோலுரிக்கப் போகிறது. அப்போது மிச்ச இரையை உடனே எடுத்துவிட வேண்டும். புதுத்தோல் இறுகும்வரை அதனால் எதிர்க்க முடியாது. வெட்டுக்கிளி கடித்தே கொன்றுவிடும். உரித்தபின் ஒருநாள் கழித்து இரை கொடுங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டை விடாதீர்கள், ஒன்றுதான் மிஞ்சும். பூச்சிமருந்து அடித்த செடியில் பிடித்த இரையும் வேண்டாம்.

தோட்டத்தில் செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை ஒழிக்கக் கும்பிடுபூச்சியை நம்புவது வீண். தேனீயையும் சேர்த்தே தின்னும். அசுவினிக்குப் பொறிவண்டுதான் சரி.